நடுக்கடலில் சுழலும் கம்ப்யூட்டர்கள்

"மாமா, கரண்ட் போகவே இல்லை. ட்யூப் லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகி விட்டது. கடையில் பழுதான மிஷினைத் தந்து விட்டார்களா?"

என் அக்கா மகன் போனில் கேட்ட கேள்வி இது. கம்ப்யூட்டர் வாங்கி மூன்று வாரம்தான் ஆகி இருந்தது. யுபிஎஸ் அடுத்த மாதம் வாங்கிக் கொள்ளலாம் என்று விட்டு விட்டான். அரை மணி நேரம் டைப் செய்த பைலை சேவ் செய்யாமல் வைத்திருந்ததால், அது போயே போய் விட்டது. "அந்த நேரத்தில் கீழ் வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்களா?" என்று கேட்டேன். "ஆமாம், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணம், வழக்கமாக எடுத்துக் கொள்வதைப் போல பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதனால் வீட்டு லைனில் வோல்டேஜ் சட்டென்று இறங்கி, மீண்டும் ஏறும். உங்கள் கம்ப்யூட்டரின் பின்புறம் மின்விசிறியோடு உள்ள தகரப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதற்குள் இருக்கும் கபாசிட்டர்கள் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வரை சமாளிக்கும். அதற்கு மேல் முடியாது. உடனே "மின்சாரம் சரியாக இல்லை" என்று மதர்போர்டுக்கு சிக்னல் கொடுத்து விடும். மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்தி விட்டு முதலில் இருந்து தொடங்கும். ட்யூப் லைட்டுக்கு இது ஒரு சிமிட்டல். கம்ப்யூட்டருக்கு இது ஒரு முடிவு.

இதே போன்ற ஒரு சிமிட்டலில் 2019ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. அந்தக் கதையில் ரீஸ்டார்ட் ஆகாத ரயில்களும் உண்டு, சாப்ட்வேர் அப்டேட்டும் உண்டு, கடலுக்கு நடுவே நிற்கும் 174 காற்றாலைகளும் உண்டு. கம்ப்யூட்டர் பத்திரிகையில் காற்றாலைக்கு என்ன வேலை என்று நினைக்காமல் தொடர்ந்து படியுங்கள்.

கடலுக்குள் ஏன் போகிறார்கள்?

நாகர்கோவில் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். கணவாய் வழியாக வரும் காற்று அங்கே பலமாக வீசுகிறது. ஆனால் நிலத்தில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. மலை, மரம், கட்டடம் எல்லாம் காற்றைத் தடுக்கும், குலைக்கும். கடலில் தடுக்க எதுவும் இல்லை.

இங்கே ஒரு சின்ன கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 10 மீட்டர் வேகத்துக்கு வந்தாலே, கிடைக்கக் கூடிய சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. கால்குலேட்டரைத் திறந்து 1.25ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.95 வரும். கொஞ்சம் கூடுதல் காற்றுக்காகக் கோடிக் கணக்கில் செலவழித்துக் கடலுக்குள் போவது இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. 75 மீட்டர் நீளமுள்ள இறக்கையை லாரியில் ஏற்றி ஊருக்குள் எப்படித் திருப்புவது? கப்பலில் என்றால் திருப்பமே இல்லை.

இந்த வேலையை முதலில் தொடங்கியது டென்மார்க். 1991ல் லோலண்ட் தீவுக்கு அருகே, விண்டபி என்ற இடத்தில், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் 11 காற்றாலைகளை நட்டார்கள். ஒவ்வொன்றும் 450 கிலோவாட். மொத்தமாக 5 மெகாவாட் கூட இல்லை. 2017ல் கழற்றி எடுக்கும் வரை, கால் நூற்றாண்டில் அது தந்த மின்சாரம் சுமார் 24 கோடி யூனிட். நான் மேலே சொன்ன இங்கிலாந்துக் காற்றாலைப் பண்ணை முழு வேகத்தில் ஓடினால் இதே அளவு மின்சாரத்தைத் தர எட்டரை நாட்கள் போதும்.

2000ல் கோபன்ஹேகன் நகரின் வாசலிலேயே மிடில்குருண்டன் என்ற கடல் மேட்டில் 20 காற்றாலைகள் வந்தன. இதில் எனக்குப் பிடித்தது தொழில்நுட்பம் அல்ல. பாதி காற்றாலைகளின் சொந்தக்காரர்கள் சாதாரண மக்கள். சுமார் 8,500 பேர் சேர்ந்த ஒரு கூட்டுறவு அமைப்பு அதை வாங்கியது. ஆண்டுக்கு 1000 யூனிட் உற்பத்திக்கு ஒரு பங்கு என்று கணக்கு. கம்ப்யூட்டர் வாங்குகிற காசில் காற்றாலையில் ஒரு துண்டு!

இதை நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கூகுள் மேப்ஸ் தளத்தில் கோபன்ஹேகன் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, சாட்டிலைட் காட்சிக்கு மாறுங்கள். பிறகு மவுஸால் வரைபடத்தைப் பிடித்து இழுத்து, நகரத்துக்குக் கிழக்கே கடல் பக்கம் நகருங்கள். நீலத்துக்கு நடுவே வில் போல வளைந்த வரிசையில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மவுஸ் வீலைச் சுழற்றி பெரிதாக்கினால் இறக்கைகளும் தெரியும். புதிதாக மவுஸ் பழகுகிறவர்களுக்கு இதை விட நல்ல பயிற்சி இல்லை என்பது என் கருத்து.

மேலே போன பெட்டி கீழே வந்த கதை

அடுத்தது ஹார்ன்ஸ் ரெவ். வட கடலில், 2002ல் 80 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 2 மெகாவாட். கோபுரத்தின் உச்சியில் பஸ் போல ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்கு நாசெல் என்று பெயர். ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் அதற்குள்தான் இருந்தன. வட கடலின் உப்புக் காற்றில் அவை தாக்குப் பிடிக்கவில்லை. 2004ல் 80 நாசெல்களையும் கழற்றி, கப்பலில் கரைக்குக் கொண்டு வந்து, பழுது பார்த்து, திரும்பக் கொண்டு போய் மாட்டினார்கள். நம் வீட்டில் கேபினட்டைத் திறந்து ரேமைத் துடைத்து மாட்டுவதற்கே அலுத்துக் கொள்கிறோம்.

இதே இடத்தில் 2008 பிப்ரவரியில் ஒரு போட்டோ எடுக்கப்பட்டது. காற்றில் ஈரம் சரியான அளவில் இருந்த ஒரு நாள். முன் வரிசைக் காற்றாலைகளின் பின்னால் பனி போல வெள்ளைப் புகை நீண்டு, பின் வரிசைகளின் மேல் படிவது அப்படியே தெரிகிறது. முன்னால் இருப்பவர் காற்றைப் பயன்படுத்திக் கொண்டால் பின்னால் இருப்பவருக்குக் களைத்துப் போன, குழம்பிய காற்றுதான் கிடைக்கும். காற்றாலைகளை 560 மீட்டர் இடைவெளி விட்டு நட்டும் இந்த நிலை. எனவே எங்கே நடுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கடலுக்குப் போகிறார்கள்.

நாசெல்லுக்குள் என்ன இருக்கிறது?

நாசெல்லின் கூரையில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவிகள் உள்ளன. உள்ளே ஒரு கண்ட்ரோல் கம்ப்யூட்டர். இதற்குக் கீபோர்டும் மானிட்டரும் இல்லை, கேம்ஸ் விளையாட முடியாது. காற்று திசை மாறினால் மொத்த நாசெல்லையும் காற்றை நோக்கித் திருப்பு; காற்று பலமானால் இறக்கைகளைக் கொஞ்சம் சாய்த்து வேகத்தைக் கட்டுப்படுத்து; விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போனால் இறக்கைகளை முழுவதும் மடக்கி நிறுத்து. ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமலே இவ்வளவும் நடக்கிறது.

ஜெனரேட்டர் எந்த வேகத்தில் சுழல்கிறதோ, அதற்கேற்ற மின்சாரம்தான் வரும். ஆனால் நாட்டின் மின் கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதனால் வரும் ஏசி மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றி, பிறகு மீண்டும் சுத்தமான 50 ஹெர்ட்ஸ் ஏசியாக மாற்றுகிறார்கள். எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? ஆன்லைன் யுபிஎஸ் செய்வதும் இதே வேலைதான். அளவுதான் வேறு.

எவ்வளவு வேறு என்று பார்ப்போம். 7 மெகாவாட் காற்றாலை ஒன்று முழு வேகத்தில் ஒரு சுற்று சுற்ற 6 விநாடி ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த ஒரு சுற்றில் 11 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 200 வாட் எடுத்தால், தினம் 5 மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஆக ஒரே ஒரு சுற்று உங்களுக்குப் பதினோரு நாட்களுக்கு வரும்.

இந்த மின்சாரம் கடலுக்கு அடியில் கேபிள் வழியாகக் கரைக்கு வருகிறது. அதே கேபிளுக்குள் ஆப்டிகல் பைபர் இழைகளும் உள்ளன. இறக்கையின் கோணம், கியர் எண்ணெயின் சூடு, காற்றின் வேகம் என்று எல்லா விவரங்களும் அதன் வழியே கரையில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்கு வந்து கொண்டே இருக்கும். கேபிள் மிக நீளமாகப் போனால் ஒரு தொல்லை. ஏசி மின்சாரத்தில் கேபிளே ஒரு பெரிய கபாசிட்டர் போல நடந்து கொள்ளும். அதை நிரப்பிக் காலி செய்வதிலேயே கேபிளின் திறனில் பெரும்பகுதி போய் விடும். ஆகவே தூரம் அதிகமானால் டிசியாக அனுப்புகிறார்கள். 2023ல் மின்சாரம் தரத் தொடங்கிய இங்கிலாந்தின் டாகர் பேங்க் அப்படித்தான் செய்கிறது. அங்கு முதலில் நட்ட காற்றாலைகள் ஒவ்வொன்றும் 13 மெகாவாட். இறக்கைகள் போடும் வட்டத்தின் குறுக்களவு 220 மீட்டர்.

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை மாலை

இப்போது கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையிலிருந்து 120 கிலோமீட்டர் தூரத்தில் ஹார்ன்சி ஒன் என்ற காற்றாலைப் பண்ணை. 174 காற்றாலைகள், முழுத் திறன் 1218 மெகாவாட். அப்போது கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தது. மாலை மணி 4.52. லண்டனுக்கு வடக்கே ஒரு உயர் அழுத்த மின் பாதையில் மின்னல் தாக்கியது. மின்னல் தாக்குவது புதிதல்ல. பாதுகாப்புக் கருவிகள் உடனே லைனைத் துண்டித்தன. சுமார் 20 விநாடியில் லைன் திரும்பவும் இணைந்து விட்டது. எல்லாம் சரியாகவே நடந்தது.

ஆனால் அந்த ஒரு கணத்தில் வோல்டேஜ் இறங்கி ஏறியது. நம் கீழ் வீட்டு மோட்டார் கதைதான். ஹார்ன்சியின் கண்ட்ரோல் சாப்ட்வேர் வோல்டேஜைச் சரி செய்ய முயன்றது. கொஞ்சம் கூடுதலாகச் சரி செய்தது. பிறகு அதைத் திருத்தப் போய் எதிர்ப்பக்கம் கூடுதலாகப் போனது. புதிதாக சைக்கிள் பழகுகிறவன் ஹேண்டில்பாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து, ஒவ்வொரு முறையும் அதிகமாக ஒடித்து, கடைசியில் விழுவது போல, ஆட்டம் பெரிதாகிக் கொண்டே போனது. காற்றாலைகள் தங்களைக் காப்பாற்றிக் கொள்ள வரிசையாக அணைந்தன. 799 மெகாவாட் தந்து கொண்டிருந்த பண்ணை சட்டென்று 62 மெகாவாட்டுக்கு இறங்கியது.

காற்று நின்று விடவில்லை. ஒரு இறக்கையும் உடையவில்லை. சாப்ட்வேர் செட்டிங்தான்.

காற்றாலையை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. அதே மின்னலில் லிட்டில் பார்போர்ட் என்ற எரிவாயு மின் நிலையத்தில், டர்பைனின் வேகத்தை அளக்கும் சென்சார்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாத அளவுகளைக் காட்ட, அதுவும் நின்றது. ஊர் ஊராக உள்ள சிறு மின் உற்பத்தி நிலையங்கள் பலவும் துண்டித்துக் கொண்டன. கையிருப்பில் வைத்திருந்தது சுமார் 1000 மெகாவாட். போனதோ அதைவிட மிக அதிகம்.

மின் கட்டமைப்பு என்பது டபுள்ஸ் போகும் சைக்கிள் மாதிரி. மிதிக்கிற பலம் குறைந்தால் வேகம் குறையும். 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது 48.8க்கு இறங்கியது. அந்த அளவுக்கு வந்தால், மொத்த நாடும் விழாமல் இருக்க, சில பகுதிகளைத் தானாகவே வெட்டி விடும்படி ரிலேக்கள் வைத்திருக்கிறார்கள். அவை வேலை செய்தன. சுமார் 11 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. நியூகாசில் விமான நிலையமும் அதில் ஒன்று. முக்கால் மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் மின்சாரம் திரும்பி விட்டது.

பிறகு ஏன் அன்று இரவு வரை மக்கள் ரயில் நிலையங்களில் தவித்தார்கள்? கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய பகுதி இது. லண்டனைச் சுற்றி ஓடும் ஒரு வகை மின்சார ரயில்கள், 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனதும் நின்று விட்டன. சுமார் 60 ரயில்கள். பழைய சாப்ட்வேர் இருந்த ரயில்களை டிரைவரே ஆப் செய்து ஆன் செய்து கிளப்பி விட்டார். புதிய பதிப்பு இருந்தவற்றில் அது முடியவில்லை. டெக்னீஷியன் லேப்டாப்போடு நேரில் வந்து கிளப்ப வேண்டி இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, வழியில் நிற்கும் ரயில்களுக்கு நடுவே, ஒவ்வொரு ரயிலாகத் தேடிப் போகும் டெக்னீஷியன்களை நினைத்துப் பாருங்கள்.

ஹார்ன்சியில் மறுநாளே சாப்ட்வேரை அப்டேட் செய்து விட்டார்கள். 2020 ஜனவரியில் அந்நாட்டு மின்சார ஒழுங்குமுறை அமைப்பான ஆப்ஜெம் விசாரணையை முடித்தது. காற்றாலைப் பண்ணை, எரிவாயு நிலையம் இரண்டின் உரிமையாளர்களும் தலா 45 லட்சம் பவுண்ட் செலுத்த ஒப்புக் கொண்டார்கள்.

"அப்டேட் வந்தால் செய்யலாமா, வேண்டாமா?" என்று நம் வாசகர்கள் அடிக்கடி கேட்பார்கள். ஒரே நாளில் நடந்த ஒரே சம்பவத்தில் ஒரு அப்டேட் ரயிலை நிறுத்தி வைத்தது, இன்னொரு அப்டேட் காற்றாலையைக் காப்பாற்றியது. நான் என் கம்ப்யூட்டரில் அப்டேட்டைத் தள்ளிப் போடுவதில்லை. ஆனால் அதற்கு முன் முக்கியமான பைல்களை வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து விடுவேன்.

இன்னொன்று. 2022 பிப்ரவரி 24 அன்று ஐரோப்பாவில் ஒரு சாட்டிலைட் இண்டர்நெட் சேவையின் மோடம்களை ஹேக்கர்கள் செயலிழக்கச் செய்தனர். கரையில் உள்ள சுமார் 5,800 காற்றாலைகளுடன் தொடர்பு அறுந்தது. யாராலும் தூரத்திலிருந்து அவற்றைக் கவனிக்க முடியவில்லை. ஆனாலும் அவை தம் பாட்டுக்குச் சுற்றிக் கொண்டே இருந்தன. ஒவ்வொரு காற்றாலைக்கும் சொந்தமாக ஒரு மூளை இருப்பதன் பலன் இது. நெட் போனால் உங்கள் கம்ப்யூட்டரில் டைப் செய்வது நின்று விடுவதில்லை அல்லவா, அதே மாதிரி.

நம் கடலில்?

இந்தியாவில் கடல் காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015லேயே வந்து விட்டது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் என்பது கணக்கு. மன்னார் வளைகுடாப் பக்கம் காற்று நன்றாகவே இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று சக்தி நிறுவனம்தான் இந்தக் காற்றை அளக்கும் வேலையைச் செய்கிறது. ஆனால் இங்கே புயல் ஆபத்து உண்டு. வலை விரிக்கிற இடத்தில் கோபுரம் நட்டால் மீனவர் எங்கே போவார் என்ற கேள்வியும் உண்டு. மிடில்குருண்டனில் போல அவர்களுக்கும் பங்கு கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

என் அக்கா மகனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்த போது, அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்போ மிஷின் நல்ல மிஷின்தானே மாமா?" ஆமாம் என்றேன். மறுநாள் யுபிஎஸ் வாங்கி மாட்டி விட்டான். கீழ் வீட்டில் மோட்டார் போடும்போது இப்போது ஒரு "பீப்" மட்டும் கேட்கிறதாம்.